கேட்காமல் விட்ட கேள்வி

"முடியாதுன்னா முடியாது. என் கை, என் இஷ்டம்."

போன வாரம் அம்மா இப்படிச் சொல்லிவிட்டுத் தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள் அல்லவா? இன்று காலையிலும் அதே பேச்சு, அதே மிதி. கால் மட்டும் இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சுருக்கமாக: அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிட்டன. இனிமேல் ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்துதான் ஓட்ட வேண்டும். அதற்கு முன்னால் கையில் ஒரு சின்ன ஆபரேஷன். இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்து, ஊசி குத்துவதற்கு ஒரு வழி பண்ணுவார்கள். நாளைக் காலையில் அம்மாவுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இன்று சாயங்காலத்துக்குள் அவள் சரி என்று சொல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போகும். அடுத்த இடம் எப்போது கிடைக்கும், அதுவரைக்கும் உடம்பு தாங்குமா, இதெல்லாம் யாருக்கும் தெரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூத்த மகளுக்கு வேலையே இதுதான். பெரிய நோய் வந்தவர்களை வட்டமாக உட்கார வைத்து, மனதில் இருப்பதைப் பேச வைப்பது.

"ஊர்ல இருக்கற அத்தனை பேரையும் பேச வெக்கறே. பெத்தவகிட்ட உன் வித்தை பலிக்கலையே அக்கா" என்றான் இளையவன். அவன் லிப்ட் மெக்கானிக். பேச்சும் அப்படித்தான், ஏறும், இறங்கும், சில சமயம் நடுவில் நின்று கழுத்தை அறுக்கும்.

"காலங்கார்த்தால வாயைக் கிளறாதடா. இன்னைக்கு எனக்கு முக்கியமான நாள்."

முக்கியமான நாள்தான். இத்தனை வருஷமாகப் பெரிய டாக்டர் பக்கத்தில் துணைக்கு உட்கார்ந்திருந்தாள். அவருக்கு மாற்றல் ஆகிவிட்டது. இன்றிலிருந்து அந்த வட்டம் அவளுடையது. காலையிலிருந்து மூன்று உடை மாற்றிவிட்டாள். காபியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

"அம்மா, கடைசியா கேக்கறேன். எதுக்கு வேண்டாங்கறே? பயமா?"

"பயமா? எனக்கா? வாழ்ந்தது போதும்னு தோணுது, அவ்வளவுதான். நீ கிளம்பு. உன்னோட ஆளுங்க காத்திருப்பாங்க."

அந்த 'உன்னோட ஆளுங்க' முதுகில் குத்தியதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அவள் தெருமுனை திரும்பியதும் அம்மா மிதிப்பதை நிறுத்தினாள்.

"ஏண்டா, அவ அங்க அப்படி என்னதான் பண்றா?"

"எனக்கென்ன தெரியும்? அங்க பேசினதை வெளியில சொல்லக் கூடாதாம்."

"ஒரு தடவை பார்க்கணும்டா."

"வெளியாளுங்களை விடமாட்டாங்கம்மா."

"நான் எப்படிடா வெளியாளு? நான்தான் நோயாளியாச்சே!"

இளையவன் அம்மாவையே பார்த்தான். பிறகு வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தான்.

ஆஸ்பத்திரியில் வட்டத்துக்கென்று தனி அறை கிடையாது. உடற்பயிற்சி அறையைக் கொடுத்திருந்தார்கள். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. நடை பழகுவதற்கு இரண்டு கம்பிகள். மூலையில் பெரிய பெரிய ரப்பர் பந்துகள். மூத்தவள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். தள்ளி நின்று பார்த்தாள். முட்டை மாதிரி இருந்தது. மறுபடியும் இழுத்துப் போட்டாள்.

முதலில் கண்டக்டர் வந்தார். பஸ் கண்டக்டர். அவரும் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொள்பவர். "உள்ள நகருங்க, உள்ள நகருங்க" என்று காலி அறையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

பின்னால் கணக்கு டீச்சர், சக்கரம் வைத்த ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு. அவருக்கு நுரையீரல் கோளாறு. சிலிண்டருக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார். "போற இடமெல்லாம் மரியாதையா கூட்டிட்டுப் போகணும். புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் மட்டும் போட்டுக்கிட்டே இருப்பாரு. வேற என்ன பேரு வெக்கறது?"

மூன்றாவதாகக் கல்லூரிப் பெண் ஒருத்தி. ரத்தப் புற்றுநோய். மருந்தில் முடி கொட்டிப் போனதால் எப்போதும் கம்பளித் தொப்பி. எல்லாரும் தொப்பி என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

"மேடம், இன்னைக்குப் புதுசா யாராவது வருவாங்களா?" என்றாள் தொப்பி.

"வரலாம்" என்று மூத்தவள் சொல்லி முடிக்கவில்லை, கதவு திறந்தது.

அம்மா நின்றாள். தோளில் இன்னும் அளவு நாடா தொங்கியது. அவளுக்குப் பின்னால் இளையவன் இரண்டு கையையும் கூப்பி, நாக்கைக் கடித்து, மாயமாக மறைந்தான்.

"வாங்க வாங்க, இடம் இருக்கு. முன்னாடி வாங்க" என்று கண்டக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இதான் பேசற இடமா, மேடம்?" என்றாள் அம்மா.

மேடம்! பெற்ற மகளையே மேடம் என்கிறாள். வீட்டு மனிதர்கள் வட்டத்தில் உட்காரக் கூடாது. சொந்தக்காரர்கள் எதிரில் இருந்தால் யாருடைய வாயிலும் உண்மை வராது என்பதால் முதல் நாளிலிருந்தே இருக்கிற விதி. 'இவங்க என் அம்மா, மன்னிச்சுக்குங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா எழுந்து போய்விடுவாள். வீட்டுக்குப் போய் மெஷினை மிதிப்பாள். நாளைக் காலை இடம் வேறொருவருக்குப் போகும்.

"உட்காருங்க" என்றாள் மூத்தவள்.

வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் எதிரில் உட்கார்ந்தால் எல்லாருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வெளியே வந்து படி இறங்கும்போதுதான் கேட்க நினைத்தது ஞாபகம் வரும். அப்படிக் கேட்காமல் விட்ட கேள்வியைத்தான் முதலில் ஒவ்வொருவராகச் சொல்வார்கள். கேட்பவர்கள் தங்களுக்கு நடந்ததைச் சொல்லலாம். புத்திமதி மட்டும் கூடாது.

தொப்பி ஆரம்பித்தாள். "முடி திரும்ப வர்றப்போ சுருட்டையா வருமா, நேரா வருமான்னு கேக்கணும்னு போனேன். டாக்டர் மூஞ்சியைப் பார்த்ததும், மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்டுட்டு வந்துட்டேன். அது எனக்கு நல்லாவே தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். பிறகு இந்தப் பெண்ணின் வயதை நினைத்தாளோ என்னவோ, சிரிப்பு பாதியில் நின்றது.

டீச்சர் சிலிண்டரின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். "தூங்கறப்போ மாப்பிள்ளை நின்னுட்டா, நான் முழிச்சுக்குவேனா, அப்படியே போயிடுவேனா? அதைத்தான் கேக்கணும். ஒவ்வொரு தடவையும் கேக்காம வந்துடறேன்."

"அந்தப் பயம் எப்போ வருது டீச்சர்?" என்றாள் மூத்தவள்.

"விளக்கை அணைக்கறப்போ."

"அப்போ விளக்கை அணைக்காதீங்க" என்றாள் அம்மா படக்கென்று.

"ஆன்ட்டி, புத்திமதி! ஃபவுல்!" என்று தொப்பி விசில் ஊதுவதுபோல் வாயைக் குவித்தாள்.

"டீச்சர், எனக்கும் விளக்கை அணைக்கறப்போதான் பயம் வரும்" என்றார் கண்டக்டர், தரையைப் பார்த்துக்கொண்டே. அப்புறம் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. மூத்தவளும் அவசரப்பட்டு வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம் கனமாக இல்லை. எல்லாரும் சேர்ந்து ஒரு மூட்டையைத் தூக்கிப் பிடித்த மாதிரி இருந்தது.

அம்மா மகளைப் பார்த்தாள். வீட்டில் ஒரு நாளும் பார்க்காத மாதிரி பார்த்தாள்.

"உங்க முறை ஆன்ட்டி. உங்களை என்னன்னு கூப்பிடறது?"

"டெய்லர்னு கூப்பிடு. டிரைவருங்களுக்கு யூனிபார்ம் தைக்கறேன்." அம்மா நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "என் கேள்வி ஒண்ணுமில்ல. நாளைக்குக் கையில ஆபரேஷனாம். அதுக்கப்புறம் அந்தக் கையால கனம் தூக்கக் கூடாது, அழுத்தக் கூடாது, இறுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டே போனாரு. நாலு துணியை அடுக்கி ஒரே வெட்டா வெட்டுவேன். கத்திரிக்கோல் அந்தக் கனம். அதைப் பிடிக்கலாமா கூடாதான்னு... கேக்கல."

"ஏன் கேக்கல?" என்றார் டீச்சர்.

"உசிரைக் காப்பாத்தப் பார்க்கறாரு மனுஷன். அவருகிட்டப் போய்க் கத்திரிக்கோல்னு எப்படிச் சொல்றது? சிரிக்க மாட்டாரா?" அம்மாவின் குரல் உடைந்தது. "வெட்டாம உட்கார்ந்தா நான் யாரு? அப்படி ஒரு பொம்பளையை எனக்கு அடையாளமே தெரியாது. அதான் வேண்டாம்னு இருக்கேன்."

"இருங்க, இருங்க. எந்தக் கையில பண்றாங்க?" என்றார் கண்டக்டர்.

"இடது கைதான். டாக்டர் பேனாவால கோடு போட்டுட்டாரு."

"அப்புறம் என்ன? வலது கை சும்மாதானே இருக்கும்?"

"நான் இடது கைக்காரி."

மூத்தவளுக்குத் தலையில் யாரோ தட்டிய மாதிரி இருந்தது. அம்மா இடது கைக்காரி. வீட்டில் இருக்கிற கத்திரிக்கோல் இடது கைக்கென்று சாணைக்காரனிடம் சொல்லிச் செய்தது. அதைத் தொட்டு மகள் எத்தனை தடவை விரலை வெட்டிக்கொண்டிருக்கிறாள்! பிறந்ததிலிருந்து பார்ப்பதால் அது கண்ணிலேயே படவில்லை. டாக்டர் அறையில் அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். புண் எப்போது ஆறும், மெஷின் எப்போது தொடங்கலாம், என்ன சாப்பிடலாம் என்று அடுக்கடுக்காகக் கேட்டாள். அம்மாவின் இடது கையில் கோடு போட்டதைப் பார்த்துக்கொண்டும் இருந்தாள்.

கண்டக்டர் எழுந்து நின்றே விட்டார். வலது சட்டைக் கையை மடமடவென்று மடித்தார். முழங்கைக்குக் கீழே கயிறு மாதிரி ஒரு குழாய் புடைத்திருந்தது.

"பாருங்கம்மா! நானும் இடது கைக்காரன்தான். டிக்கெட் கிழிக்கிற கைன்னு சொன்னேன், வலது கையில வெச்சாங்க. வேலை செய்யற கையை விட்டுட்டுத்தான் முதல்ல பார்ப்பாங்களாம். தொட்டுப் பாருங்க, கூச்சப்படாதீங்க."

அம்மா விரலை வைத்தாள். சட்டென்று இழுத்துக்கொண்டாள். மறுபடியும் வைத்தாள்.

"ஐயையோ, உள்ள மோட்டார் ஓடுதே!"

"ஓடணும். ஓடினாத்தான் வண்டி போகும்."

"அப்ப... கேட்டா எனக்கும் மாத்துவாங்களா?"

"எனக்கு மாத்தினாங்க."

"டாக்டர்கிட்ட உங்ககூட யாரும் வரலையா?" என்றார் டீச்சர்.

"வந்தா. என் பொண்ணு." அம்மா கண்டக்டரின் கையிலிருந்து விரலை எடுக்காமலே சொன்னாள். "ஊருக்கெல்லாம் காதைக் கொடுப்பா. வீட்டுக்கு வந்தா காதைக் கழட்டி ஆணியில மாட்டிடுவா. எங்கிட்ட என்ன பயம்னு கேப்பா, பதில் சொல்றதுக்குள்ள செருப்பைப் போட்டுக்குவா."

"நீ வாயைத் திறந்து சொன்னாத்தானேம்மா தெரியும்!"

கத்தியது மூத்தவள்தான். அறை அப்படியே நின்றது. மாப்பிள்ளை மட்டும் புஸ் என்றார்.

தொப்பி மெதுவாகத் தலையைத் திருப்பிச் சுவர்க் கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடியில் இரண்டு பேர், ஒரே மாதிரி மூக்கு விடைத்துக்கொண்டு.

"அடப்பாவி... மூக்கு!" என்றாள்.

"ஆமா. இவங்க என் அம்மா" என்றாள் மூத்தவள்.

கண்டக்டருக்குச் சிரிப்பு வந்தது. டீச்சருக்கு வரவில்லை. "அப்போ இவ்வளவு நேரம் எங்களை ஏமாத்தினீங்களா? விளக்கை அணைக்கறப்போ எனக்கு என்ன ஆகுதுன்னு என் பிள்ளைங்ககிட்டகூடச் சொன்னதில்ல. உங்க வீட்டு மனுஷங்க உட்கார்ந்து கேட்டிருக்காங்க."

"தப்புதான் டீச்சர். கதவு திறந்தப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

"என்ன பயம்?"

"சொன்னா எழுந்து போயிடுவாங்கன்னு. போனா நாளைக்கு வரமாட்டாங்கன்னு. வராட்டி..."

டீச்சர் அவளையே பார்த்தார். "ம். இது நிஜம். இதை முதல்லயே சொல்லியிருந்தா நாங்களே கையைப் பிடிச்சு உட்கார வெச்சிருப்போம்ல?" கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனால் நாற்காலியை ஒரு முழம் முன்னால் இழுத்துக்கொண்டார்.

அம்மா எழுந்தாள். "நான் கிளம்பறேன். விதின்னு ஒண்ணு இருக்கில்ல. இவ இந்த நாற்காலிக்கு எத்தனை வருஷமா காத்திருக்கான்னு எனக்குத்தான் தெரியும்."

அவளுக்குத் தெரியும் என்பதே மூத்தவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"நீ உட்காரும்மா." மூத்தவள் எழுந்தாள். "ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் இங்க இருக்கலாம். நீ பேச ஆரம்பிச்சிருக்கே. பாதியில நிறுத்தாதே."

பக்கத்து அறையிலிருந்து, நோயாளிகளின் வீட்டாருக்காக வட்டம் நடத்தும் தோழியைக் கூட்டிவந்து தன் இடத்தில் உட்கார வைத்தாள். காரணத்தை வாசலிலேயே நாலு வார்த்தையில் சொன்னாள்.

தோழி அவள் தோளைத் தட்டினாள். "என்னோட வட்டத்துல மத்தியானம் ஒரு நாற்காலி போட்டு வெக்கறேன். நடத்தறதுக்கு இல்லடி. உட்கார்றதுக்கு."

வெளியே வராந்தாவில் இளையவன் கருவிப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து ஓடப் பார்த்தான்.

"நில்லுடா. அடிக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"அம்மா இடது கைக்காரிடா."

"ஆமா. அதுக்கென்ன?"

"டாக்டர்கிட்ட யாருமே சொல்லல."

அவன் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு பொத்தென்று பெட்டியில் உட்கார்ந்தான். "கண்ணு முன்னாடி இருக்கற ஸ்விட்சை விட்டுட்டு மொத்த ஒயரையும் கழட்டியிருக்கோமேக்கா."

மூத்தவளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. நாற்காலி கிடைத்த நாளிலேயே போய்விட்டது. அதற்கு வருத்தப்பட வேண்டும். நெஞ்சோ அதைக் கேட்காமல் குதித்துக்கொண்டிருந்தது.

கதவு படாரென்று திறந்தது.

முன்னால் அம்மா. பின்னால் கண்டக்டர், தொப்பி, மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு டீச்சர், அவருக்குப் பின்னால் தோழி. வராந்தா முழுக்க ஊர்வலம்.

"எங்கம்மா போறே?"

"டாக்டர்கிட்ட. கேக்காம விட்டதைக் கேக்க."

"நானும் வரேன்."

"வா. ஆனா நீ பேசாதே. நான் பேசறேன்."

லிப்டில் எல்லாருக்கும் இடம் போதவில்லை. "அடுத்த வண்டியில வாங்க, அடுத்த வண்டியில வாங்க" என்று கண்டக்டர் தொப்பியைத் தள்ளினார். அவள் அவர் வயிற்றை உள்ளே தள்ளிவிட்டு ஏறிக்கொண்டாள். இளையவன் படியில் பாய்ந்தான்.

ரத்தக்குழாய் டாக்டர் கதவைத் திறந்தவர் கூட்டத்தைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனார். அம்மா உள்ளே நுழைந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

"டாக்டர், நான் டெய்லர். இடது கையால வெட்டறவ. அந்தக் கை எனக்கு வேணும். இந்தக் கையில பண்ண முடியுமா?" என்று வலது கையை மேசைமேல் நீட்டினாள்.

டாக்டர் முகம் மாறியது. சிரிக்கவில்லை. "இதை நான்தான் முதல்லயே கேட்டிருக்கணும்மா. கேக்காம கோடு போட்டுட்டேன்."

"பக்கத்துல நான் இருந்தேன் டாக்டர். நானும் சொல்லல" என்றாள் மூத்தவள்.

"பேசாதேன்னு சொன்னேன்ல" என்றாள் அம்மா. ஆனால் மகளின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் அம்மாவின் வலது கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார். விரலால் தட்டினார். தடவினார். மறுபடியும் தட்டினார். வாசலில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

"குழாய் கொஞ்சம் மெலிசா தெரியுது. ஸ்கேன்ல அளவு பார்த்தாத்தான் முடிவு சொல்ல முடியும். வலது கை சரிப்பட்டா நாளைக்கு வர்றீங்களா?"

"விடியறதுக்கு முன்னாடி வந்து நிப்பேன்."

"சரிப்படலைன்னா?"

அம்மா மேசையிலிருந்து வலது கையை எடுத்தாள். மகளின் விரலை விட்டாள். ஸ்கேன் அறைக்குள் போனாள். கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

வெளியே நீளமான பெஞ்சு. தொப்பி நகத்தைக் கடித்தாள். டீச்சர் மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். கண்டக்டர் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். இளையவன் உட்கார்வதும் எழுவதுமாக இருந்தான். மூத்தவள் வாழ்க்கையில் எத்தனையோ வீட்டார் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். அவர்கள் ஏன் அப்படி விளக்கையே பார்க்கிறார்கள் என்று இப்போது தெரிந்தது.

சிவப்பு விளக்கு அணைந்தது.

டாக்டர் கதவைத் திறந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையில் ஸ்கேன் படம்.

"இந்தம்மாவோட வந்தவங்க யாரு?"

பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்றது. மாப்பிள்ளைகூட ஒரு சக்கரம் முன்னால் உருண்டார்.

டாக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இத்தனை பேருக்கும் சொல்லணுமா?"

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"சத்தமா சொல்லுங்க டாக்டர். கடைசியில நிக்கறது என் பொண்ணு, அவளுக்கும் கேக்கணும்!"

டாக்டர் சொன்னது அடுத்த வாரம்.